மாஸ்டர்ஸ் செயலி: யாருக்கு வெண்ணெய், யாருக்குச் சுண்ணாம்பு?

கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளான மேஜர்களில் ஒன்றைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தால், யார் பக்கம் நிற்பது என்பதைக் கேமராவே தீர்மானித்துவிடும். மைதானத்தில் ஒரே நேரத்தில் பல குழுக்கள் ஆடிக்கொண்டிருந்தாலும் திரையில் ஒருவருக்குத்தான் இடம். அந்த இடம் தரவரிசையில் உச்சியில் இருப்பவருக்கும் முன்னாள் சாம்பியனுக்கும் அன்றைக்கு முன்னிலையில் இருப்பவருக்கும் போய்விடும். இரண்டு சுற்றுக்குப் பின் யார் நீடிப்பார், யார் வெளியேறுவார் என்று பிரிக்கும் கட் கோட்டின் விளிம்பில் நின்று போராடும் புதுமுகத்துக்கு ஒரு பட் (குழியைச் சுற்றிய கிரீன் என்ற புல்தரையில் பந்தை உருட்டும் ஷாட்) காட்டுவார்கள், அதுவும் பந்து குழிக்குள் விழுந்தால்தான். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு. மாஸ்டர்ஸ் போட்டியின் அதிகாரபூர்வ செயலி இந்தப் பாரபட்சத்தை எவ்வளவு சரிசெய்கிறது என்று பார்ப்பதற்காகவே இந்த மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஜெயிப்பார் என்று யாரும் எதிர்பார்க்காத அண்டர்டாக்கின் பக்கம் நிற்கும் ரசிகருக்கு நான்கு மேஜர்களிலும் இதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் உண்மையான அண்டர்டாக் மிகக் குறைவாக வரும் மேஜரும் மாஸ்டர்ஸ்தான். இந்த இரண்டையும் சேர்த்து மனத்தில் வைத்துக்கொண்டால்தான் செயலியை முழுமையாகப் பயன்படுத்த முடியும்.

இதன் முதுகெலும்பு, 2019-இல் வந்த ஒரு வசதி. நான்கு நாளும், எல்லா வீரர்களும் அடிக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு ஷாட்டும் தனித்தனித் துண்டுக் காணொளியாக, அடித்த சில நிமிடங்களில் ஏறிவிடுகிறது. ஒரு போட்டிக்கு 20,000-க்கு மேற்பட்ட ஷாட்டுகள். லீடர்போர்டில் வீரரின் பெயரைத் தொட்டால் ஸ்கோர்கார்டு விரியும். அதில் ஒரு குழியைத் தேர்ந்தால் குழியின் தொடக்கமான டீயிலிருந்து கடைசிப் பட் வரை வரிசையாக ஓடும். முன்னிலையில் இருப்பவருக்கும் கடைசி இடத்தில் இருப்பவருக்கும் இங்கே ஒரே மரியாதை. அண்டர்டாக் ரசிகருக்கு இதன் அருமை புரிய 2016-ஐ நினைத்துப் பார்த்தால் போதும். அந்த ஞாயிறு பாதி ஆட்டத்தில் ஜோர்டன் ஸ்பீத் ஐந்து ஷாட் முன்னிலையில் இருந்தார். 10, 11-ஆவது குழிகளில் போகி (பாரைவிட, அதாவது அந்தக் குழிக்கு நிர்ணயித்த ஷாட்டுகளைவிட, ஒன்று அதிகம்). 12-ஆவது குழியில் இரண்டு பந்துகளைத் தண்ணீரில் விட்டு 7. உலகமே அந்த ஓடைக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், சில குழுக்கள் முன்னால் ஆடிக்கொண்டிருந்த டேனி வில்லெட் ஒரு போகிகூட இல்லாமல் 67 எடுத்து மூன்று ஷாட் வித்தியாசத்தில் வென்றார். ஸ்பீத் சரிந்த விதம் எல்லாருக்கும் மனப்பாடம். வில்லெட் எப்படி ஜெயித்தார் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. இன்றைய செயலி அன்றைக்கு இருந்திருந்தால் அவருடைய 67 ஷாட்டுகளையும் அன்றிரவே வரிசையாகப் பார்த்திருக்கலாம்.

இரண்டாவது முக்கிய வசதி 'மை க்ரூப்'. நமக்கு வேண்டிய வீரர்களைத் தேர்ந்துகொண்டால், அவர்கள் அடிக்கும் ஷாட்டுகளை மட்டும் கோத்து ஒரே ஓட்டமாகத் தரும். நமக்கென்றே ஓடும் தனி அலைவரிசை என்று சொல்லலாம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் சொதப்புகிறார்கள். ஆசைப்பட்டுப் பத்துப் பேரைச் சேர்த்துவிடுகிறார்கள். பத்துப் பேர் பத்துக் குழிகளில் இருப்பார்கள். ஒருவருடைய டீ ஷாட், அடுத்தவருடைய பட், மூன்றாமவருடைய பங்கர் ஷாட் என்று மாறி மாறி வந்து, யார் எந்த நிலையில் இருக்கிறார் என்றே பிடிபடாது. மூன்று பேர் போதும். நான்குக்கு மேல் வேண்டாம். அந்த மூன்றில் ஒருவர் கட்டாயம் வெல்வார் என்று எதிர்பார்க்கப்படும் ஃபேவரிட்டாக இருக்கட்டும். மைதானம் அன்றைக்கு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதற்கு அவர்தான் அளவுகோல். 11-ஆவது குழி 520 கெஜம் நீளமுள்ள பார்-4. அதில் நம்ம ஆள் போகி எடுத்தால் மனம் நோகும். உலகின் முதல்நிலை வீரரும் அதே குழியில் போகி எடுத்ததைப் பார்த்தால், அது தோல்வி இல்லை, அன்றைய நிலவரம் என்று விளங்கிவிடும்.

அறிவிப்புகளை முதல் நாளே அணைத்துவிடுங்கள். ஸ்கோர் முன்னால் வரும், காணொளி பின்னால் வரும். செயலியின் பெரிய குறை இதுதான். மைதானத்தில் ஸ்கோர் பதிவானதும் லீடர்போர்டு உடனே மாறிவிடும். காணொளியோ வெட்டி, பெயரிட்டு, ஏற்றிய பிறகுதான் கிடைக்கும். இடையில் லீடர்போர்டைத் திறந்து பார்த்தால், அடுத்து வரப்போகும் பட் விழுமா விழாதா என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஃபேவரிட்டை நேரலையில் பார்ப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் அவர் எப்போதும் பிரதான ஒளிபரப்பில் இருக்கிறார். துண்டுக் காணொளியை நம்பியிருக்கும் அண்டர்டாக் ரசிகருக்குத்தான் இது வலிக்கிறது. ஒரு குழி முடியும் வரை 'மை க்ரூப்'பிலேயே இருந்து, முடிந்த பிறகு லீடர்போர்டுக்குப் போவதுதான் ஒரே வழி.

நேரலை ஒளிபரப்புகள் தனி. குறிப்பிட்ட சில குழுக்களை முதல் குழியிலிருந்து கடைசி வரை தொடரும் 'ஃபீச்சர்டு க்ரூப்ஸ்', 11, 12, 13-ஆவது குழிகளைக் காட்டும் 'ஆமென் கார்னர்', 4, 5, 6-ஆவது குழிகளுக்கு ஒன்று, 15, 16-ஆவது குழிகளுக்கு ஒன்று. இவை எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. ஒளிபரப்பு உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். போட்டி தொடங்கும் வியாழனுக்கு முன்பே திறந்து பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஃபீச்சர்டு குழுக்களில் பெரும்பாலும் நட்சத்திரங்களே இருப்பார்கள் என்பதில் வியப்பில்லை. ஆனால் அண்டர்டாக் ரசிகருக்கு இதிலும் ஒரு சந்து இருக்கிறது. அமெரிக்க அமெச்சூர் சாம்பியனை முதல் இரண்டு சுற்றுகளில் நடப்புச் சாம்பியனோடு சேர்த்து ஆடவிடுவது மாஸ்டர்ஸ் மரபு. நடப்புச் சாம்பியன் போகிற இடமெல்லாம் கேமரா போகும்; கூடவே அந்த அமெச்சூரும் திரைக்கு வந்துவிடுவார். 2023-இல் சாம் பென்னட் இப்படித்தான் ஸ்காட்டி ஷெஃப்லரோடு ஆடினார். 68, 68 என்று இரண்டு நாளில் 8 அண்டர் (பாருக்கு 8 ஷாட் குறைவு), மூன்றாம் இடம். மூன்றாம் சுற்றில் ப்ரூக்ஸ் கெப்கா, ஜான் ராம் இருவரோடும் ஆடும் நிலைக்கு வந்தார். பிறகு 76, 74. கடைசியில் 16-ஆவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அமெச்சூருக்கு அது மிகப் பெரிய முடிவு.

இந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. அண்டர்டாக்குக்கு ஆதரவு தருகிறவர்கள் ஞாயிறு மாலைக்காகக் காத்திருக்கக் கூடாது. அவர்களுடைய இறுதிப்போட்டி வெள்ளிக்கிழமை பிற்பகல். கட் விதி தெரிந்தவர்களுக்குத்தான் அந்த நேரத்தின் சுவை தெரியும். இப்போதைய விதிப்படி முதல் 50 இடங்களும், 50-ஆவது இடத்தில் சமநிலையில் இருப்பவர்களும் வார இறுதிக்குப் போவார்கள். 2020-க்கு முன்பு இன்னொரு வழியும் இருந்தது: முன்னிலையில் இருப்பவரைவிட 10 ஷாட்டுக்குள் இருந்தாலும் உள்ளே வரலாம். 2013-இல் 14 வயது சீனச் சிறுவன் குவான் தியான்லாங் அந்த விதியால்தான் தப்பினார். இரண்டாம் சுற்றில் 17-ஆவது குழியில் தாமதமாக ஆடியதற்கு ஒரு ஷாட் தண்டனை வாங்கி 4 ஓவரில் (பாருக்கு 4 ஷாட் அதிகம்) முடித்தார். முன்னிலையில் இருந்த ஜேசன் டே 6 அண்டர். சரியாக 10 ஷாட். மைதானத்தில் மிச்சமிருந்த யாராவது 7 அண்டருக்குப் போயிருந்தால் சிறுவன் வீட்டுக்குப் போயிருப்பார். அன்றைக்கு குவான் பக்கம் நின்றவர்கள், முன்னணி வீரர்கள் யாரும் பர்டி (பாரைவிட ஒன்று குறைவு) எடுத்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த விதி போன பிறகு கணக்கு எளிதாகிவிட்டது. லீடர்போர்டின் உச்சியைப் பார்க்கவே தேவையில்லை. வெள்ளி பிற்பகலில் இதைச் செய்யுங்கள். 50-ஆவது இடத்துக்கு உருட்டிப் போய், அங்கே இருக்கும் ஸ்கோரைப் பாருங்கள். அந்த ஸ்கோரிலும் அதற்கு ஒரு ஷாட் மேலேயும் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் இன்னும் ஆட்டத்தை முடிக்கவில்லை என்று எண்ணுங்கள். பிறகு அவர்களுக்கு எந்தெந்தக் குழிகள் பாக்கி என்று பாருங்கள். 13, 15-ஆவது குழிகள் பாக்கி இருந்தால் பர்டி வரலாம், கட் கோடு இறங்கலாம். 17, 18 மட்டும் பாக்கி என்றால் கோடு அதே இடத்தில் நிற்கும், அல்லது ஏறும். செயலி கட் கோட்டைக் காட்டும்; அது எந்தப் பக்கம் நகரப்போகிறது என்பதை நீங்கள்தான் ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்தில் இருக்கும் பதற்றத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகூட ஈடாகாது.

இனி, நம்ம ஆளுக்கு உண்மையிலேயே வாய்ப்பு இருக்கிறதா என்று எதை வைத்துக் கணிப்பது? செயலி ஒவ்வொரு குழிக்கும் எதிர்பார்க்கப்படும் ஸ்கோரைத் தருகிறது. பழைய ஷாட் தரவுகளிலிருந்து இயந்திரம் கணிப்பது. ஃபேவரிட்டுக்கு இது ஓரளவு பொருந்துகிறது, ஏனென்றால் மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டா மைதானத்தில் அவர் பல ஆண்டு ஆடிய தடயம் இருக்கிறது. முதன்முறை வருபவருக்கு அந்தத் தடயம் இல்லை. ஆகவே அவர் பெயருக்குப் பக்கத்தில் வரும் எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருந்தாலும் ஒன்றை மறுக்க முடியாது: முதன்முறை ஆடி மாஸ்டர்ஸை வென்ற கடைசி ஆள் ஃபஸி ஜோல்லர், ஆண்டு 1979. கிரீன்களின் சரிவுகளைப் படிக்கவே ஆண்டுகள் பிடிக்கும் மைதானம் இது. புதுமுகத்துக்குக் கோப்பையை வேண்டுவதைவிட, கட் தாண்டவும் முதல் இருபதுக்குள் முடிக்கவும் வேண்டுவது நியாயமான ஆசை.

இயந்திரக் கணிப்பைவிட நம்பகமான ஒரு குறி ஸ்கோர்கார்டிலேயே இருக்கிறது: பார்-5 குழிகள். 2, 8, 13, 15 என நான்கு. நான்கு நாளில் 16 முறை. தூரம் அடிப்பவர்கள் இவற்றில் இரண்டாவது ஷாட்டிலேயே கிரீனை எட்டிவிடுவார்கள் என்பதால்தான் அவர்கள் ஃபேவரிட். 2007-இல் ஜாக் ஜான்சன் இதைத் தலைகீழாக்கினார். ஒரு பார்-5-இல்கூட இரண்டாவது ஷாட்டில் கிரீனுக்குக் குறிவைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் குறுந்தூர மட்டையான வெட்ஜால் அடிக்க வசதியான இடத்தில் பந்தை நிறுத்தி, அங்கிருந்து கொடிக்கு அருகே போட்டார். 16-இல் 11 பர்டி, 5 பார். மொத்த ஸ்கோர் 289, அதாவது 1 ஓவர். மாஸ்டர்ஸை வென்ற மிக அதிக ஸ்கோருக்குச் சமம். டைகர் வுட்ஸ் இரண்டு ஷாட் பின்னால். எனவே வெள்ளி முடிந்ததும் உங்கள் வீரர் ஆடிய எட்டு பார்-5 ஆட்டங்களைத் திறந்து பாருங்கள். ஐந்து பர்டியாவது இருந்தால் சனிக்கிழமை உட்கார்ந்து பார்க்கலாம். இரண்டு மூன்றுதான் இருக்கிறது, மிச்சமெல்லாம் நீளமான பட் விழுந்ததால் வந்த ஸ்கோர் என்றால், அது நிலைக்காது. நீளமான பட் நான்கு நாளும் விழாது. துண்டுக் காணொளிகள் இருப்பதால்தான் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிகிறது. ஸ்கோர் மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

யார் அண்டர்டாக் என்பதிலும் செயலி உதவாது. தரவரிசை எண்ணை நம்பிப் போனால் ஏமாறலாம். 2016-இல் வென்ற வில்லெட் அப்போது உலகின் 12-ஆம் இடத்தில் இருந்தார். பெயர் பரவவில்லை, அவ்வளவுதான். 2009-இல் ஆங்கெல் கப்ரேரா 69-ஆவது இடத்தில் இருந்தார், ஆனால் ஏற்கெனவே யூஎஸ் ஓபன் வென்றவர். அவரிடம், சமநிலையை முறிக்கும் பிளேஆஃபில் தோற்ற கென்னி பெர்ரிக்கு 48 வயது, ஒரு மேஜர்கூட இல்லை. இரண்டு குழி பாக்கி இருக்கும்போது இரண்டு ஷாட் முன்னிலை. 17, 18 இரண்டிலும் போகி. அந்த ஞாயிறு யார் பக்கம் நின்றிருக்க வேண்டும் என்பதற்குத் தரவரிசையில் பதில் கிடைக்காது. 2025-இல் இது இன்னும் குழம்பியது. கடைசி நாள் ரோரி மெக்கில்ராய்தான் ஃபேவரிட். ஆனால் 2014-க்குப் பிறகு மேஜர் இல்லை, நான்கு மேஜர்களில் இது ஒன்றுதான் பாக்கி. எதிரே 44 வயது ஜஸ்டின் ரோஸ், ஏழு ஷாட் பின்னாலிருந்து பத்துப் பர்டியோடு 66 எடுத்து வந்தவர். ஃபேவரிட்டுக்காகக் கண் கலங்கிய கூட்டத்தை அன்றைக்குப் பார்த்தோம். அதில் தவறே இல்லை. பெரிய வீரர் பக்கம் நிற்பவர்கள் வெறும் வெற்றியின் பக்கம் நிற்கிறார்கள் என்று சொல்வது அநியாயம். எல்லாருடைய எதிர்பார்ப்பையும் தோளில் வைத்துக்கொண்டு ஐந்தடிப் பட் அடிப்பதும் ஒரு போராட்டம்தான்.

ஒரு சிறிய குறையும் சொல்ல வேண்டும். துண்டுக் காணொளிகளுக்கு 2023 முதல் செயற்கைக் குரலில் வர்ணனை வைக்கிறார்கள். எத்தனையாவது ஷாட், பந்து எங்கே விழுந்தது என்பதைச் சரியாகச் சொல்கிறது. ஆனால் அந்தப் பட் விழுந்தால்தான் அந்த வீரர் கட் தாண்டுவார் என்பதுபோன்ற நிலவரத்தை ஒரு மனித வர்ணனையாளர் சொல்வதுபோல் சொல்வதில்லை. அண்டர்டாக்கின் ஆட்டத்தில் நிலவரம்தான் எல்லாமே. ஒலியைக் குறைத்துவிட்டுப் பாருங்கள்.

மற்ற மூன்று மேஜர்களோடு ஒப்பிட்டால், கருவியில் மாஸ்டர்ஸ் முன்னால், ஆட்களில் பின்னால். இங்கே 90 பேர் அளவில்தான், அதுவும் அழைப்பின் பேரில். அதில் வயதான முன்னாள் சாம்பியன்களும் அடக்கம். யூஎஸ் ஓபனுக்கு 10,000-க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வருகின்றன. 18 குழி உள்ளூர்த் தகுதிச்சுற்று, பிறகு ஒரே நாளில் 36 குழி இறுதித் தகுதிச்சுற்று என்று தாண்டி வருபவர்கள் அங்கே இருக்கிறார்கள். பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் 20 கிளப் பயிற்சியாளர்களுக்கு இடம் உண்டு. 2023-இல் ஓக் ஹில்லில் அப்படி வந்த மைக்கேல் பிளாக், கடைசி நாள் மெக்கில்ராயோடு ஆடும்போது 15-ஆவது குழியில் பந்தைத் தரையில் படாமல் நேராகக் குழிக்குள் போட்டு ஹோல்-இன்-ஒன் எடுத்தார். 15-ஆவது இடத்தைப் பகிர்ந்தார். அப்படிப்பட்ட ஓர் ஆளின் நான்கு நாள் ஆட்டத்தையும் ஷாட் ஷாட்டாகப் பார்க்கும் வசதிதான் ஒவ்வொரு மேஜரிலும் வேண்டும். மாஸ்டர்ஸ் செயலி செய்துகாட்டியதை மற்றவர்களும் அதே முழுமையோடு செய்ய வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

மைதானத்துக்கே போகிறவர்களுக்கு இந்தச் செயலியால் பயனில்லை. அகஸ்டா நேஷனலுக்குள் கைப்பேசிக்குத் தடை. அங்கே கையால் எண் மாற்றும் பழைய லீடர்போர்டுதான், சிவப்பு என்றால் பாருக்குக் கீழே, பச்சை என்றால் மேலே. இன்னொன்று, கட்டுக்குப் பிறகு ஒற்றைப்படையில் ஆட்கள் மிஞ்சினால், தனியாக நிற்பவரோடு கிளப் உறுப்பினர் ஒருவர் மார்க்கராக (ஸ்கோரைக் குறித்துக்கொள்ளும் துணையாக) ஆடுவார். 2014 மூன்றாம் சுற்றில் அப்படி ஆடிய உறுப்பினர் மெக்கில்ராயைவிட ஒரு ஷாட் குறைவாக முடித்தார். மார்க்கரின் ஸ்கோர் அதிகாரபூர்வமாகப் பதிவாவதில்லை, எனவே லீடர்போர்டில் அதைத் தேடினாலும் கிடைக்காது.

கடைசியாக, பிளேஆஃப். நான்கு மேஜர்களில் மாஸ்டர்ஸ் மட்டும்தான் முதல் குழியிலிருந்தே சடன் டெத், அதாவது ஒரு குழியில் முந்தினாலே வெற்றி: முதலில் 18, சமநிலை நீடித்தால் 10, மீண்டும் 18. யூஎஸ் ஓபனில் இரண்டு குழிகளின் கூட்டு ஸ்கோர், பிரிட்டிஷ் ஓபனிலும் பிஜிஏவிலும் மூன்று. கூட்டு ஸ்கோர் முறையில் அனுபவசாலிக்குத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கிறது. சடன் டெத்தில் ஒரே ஷாட் போதும், அண்டர்டாக்குக்கு இது சாதகம். 1987 பிளேஆஃபில் லாரி மைஸ் ஏறக்குறைய 140 அடி தூரத்திலிருந்து மெல்லத் தட்டி (சிப்) விட்ட பந்து உருண்டு உள்ளே போய், கிரெக் நார்மனின் கதையை முடித்தது. ஆகவே பிளேஆஃப் உறுதியானதும் 'மை க்ரூப்'பை மூடிவிடுங்கள், லீடர்போர்டையும் மூடிவிடுங்கள். உங்கள் நாட்டில் உரிமை பெற்ற நேரலையைத் திறந்து வையுங்கள். இரண்டே பேர்தான் மிச்சம் என்பதால், இந்த ஒரு கட்டத்தில் மட்டும் கேமரா இருவரையும் சமமாகக் காட்டும்.